மாட்டுக்கு முதல் ஓசை

“ஆவு!”

குரல் மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்தது. நிர்மலா மிஸ் தன் கையிலிருந்த அட்டையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தப்பான படத்தைத் தூக்கிக் காட்டிவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. இல்லை, மாடுதான். கொம்பும் வாலும் கழுத்து மணியுமாக, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளே வரைந்து வண்ணம் தீட்டிய மாடு.

யு.கே.ஜி. வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது.

“யாரு அது? யார் சொன்னது?”

மூன்றாவது பெஞ்சில் இரண்டு பேர். சுவரோரம் புவனா, பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். தலையைக் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உதயா, இரட்டைச் சடையும் விழுந்த முன்பல்லுமாக. உதயாதான் எழுந்து நின்றாள்.

“நான்தான் மிஸ்.”

“இன்னொரு தரம் சொல்லு. இது என்ன?”

உதயா வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பி அதிரும்படி, “ஆவு!” என்றாள்.

“அப்போ முதல் ஓசை?”

“ஆ!”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை உதயாவும் சேர்ந்து சிரித்தாள்.

நிர்மலாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ‘ஆ’ என்பது ஆட்டுக்கு என்று அவள் எடுத்து வைத்திருந்த ஓசை. அதைக் கொண்டுபோய் மாட்டுக்குக் கொடுத்துவிட்டால் ஆடு எங்கே போகும்?

சென்னையில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு வேகம் பிடித்திருந்தது. ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைக்கிற வழக்கத்தை விடுங்கள், குழந்தைக்குத் தெரிந்த பொருளைக் காட்டி, அதன் பேரில் முதலில் வருகிற ஓசையைக் காதில் விழ வையுங்கள், எழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அங்கே சொன்னார்கள். நிர்மலா திருவாலங்காட்டில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் பிறந்தவள். திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவள். மாட்டையும் ஆட்டையும் வைத்தே பாடம் நடத்தலாம் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பு மூலையில் ஒரு பண்ணையே கட்டிவிட்டாள். செருப்புப் பெட்டியில் மாட்டுக்கொட்டகை, தேங்காய் நாரில் வைக்கோல் போர், களிமண்ணில் கோழி, குச்சியில் ஏர். மாடு என்றால் மா. ஆடு என்றால் ஆ. கோழி என்றால் கோ.

தாளாளர் கஜபதிக்கு இது அவளைவிட அதிகமாகப் பிடித்துப்போயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது. ‘பண்ணை நாள்’ என்று ஒன்றை அறிவித்து, பெற்றோர் எல்லோருக்கும் சொல்லியனுப்பி, பள்ளி வாசலில் பேனரும் கட்டிவிட்டார். பேனரில் மாட்டின் படம் பெரிதாக இருந்தது. அவர் படம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“நிஜ மாடு, நிஜ ஆடு, நிஜ கோழி எல்லாம் மேடைக்கு வரணும் மிஸ். ஒவ்வொரு பிள்ளையா மைக்குல வந்து முதல் ஓசை சொல்லணும். ஒரு தப்பு வரக் கூடாது. சொல்லிட்டேன்.”

மறுநாள் நிர்மலா ஆட்டுப் படத்தைக் காட்டினாள்.

“மேக்க!” என்றாள் உதயா, யாரும் கேட்பதற்கு முன்னால்.

தெலுங்கு. நிர்மலாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில், சந்தைக்குப் போய்வருகிற யாருக்கும் அது தெலுங்கு என்று தெரியாமல் போகாது. அவள் உதயாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“உங்க வீடு எங்கம்மா இருக்கு?”

“பள்ளிப்பட்டு ரோட்டுல மிஸ்.”

“அப்பா என்ன பண்றாரு?”

“எங்க நைனா கரும்பு வெட்டப் போயிகினு இருக்காரு மிஸ்.”

நைனா! இந்தப் பக்கம் சுத்தமான தமிழ் வீட்டிலும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது நிர்மலாவுக்குத் தெரியாதது அல்ல. அவளுடைய சொந்தச் சித்தப்பா பிள்ளைகளே அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மனசு, தெரிந்ததையெல்லாம் மறந்துவிடுகிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, அதுதான் குழப்பம் என்று தீர்மானித்துவிட்டாள். வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். போகவில்லை.

முதலில் அவள் செய்தது, உதயாவை மூன்றாவது பெஞ்சிலிருந்து கிளப்பித் தன் மேஜைக்கு நேர் எதிரே உட்கார வைத்தது. கண்ணெதிரே இருந்தால் கவனம் வரும் என்று நினைத்தாள். வந்தது, ஆனால் பின்பக்கமாக. உதயா நிமிஷத்துக்கு ஒருதரம் கழுத்தைத் திருப்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். கேள்வி கேட்டால் மட்டும் முன்னால் திரும்பி, முன்பைவிட இரண்டு மடங்கு சத்தமாக “ஆவு!” என்று கத்தினாள்.

“புவனாவைப் பாரு,” என்று நிர்மலா அவளுக்கு எடுத்துக்காட்டினாள். “எவ்ளோ சமத்தா வாய மூடிகினு இருக்கா. எது சொன்னாலும் தலையாட்டறா. அந்த மாதிரி இருக்கக் கத்துக்க.”

புவனா தன் பேர் காதில் விழுந்ததும் தலையாட்டினாள்.

அடுத்ததாக நிர்மலாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாடு எந்த மொழி வீட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிதானே கத்தும்?

“எல்லாரும் சொல்லுங்க. மாடு எப்படிக் கத்தும்?”

“ம்மா...!” வகுப்பே மாட்டுக்கொட்டகையாகிவிட்டது.

“ஆங், அதான். ‘ம்மா’ன்னு கத்துது இல்ல? அதனால முதல் ஓசை மா. ஞாபகம் வெச்சுக்குங்க.”

எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். நன்றாகவே வைத்துக்கொண்டார்கள். மத்தியானம் ஆட்டுப் படத்தைத் தூக்கியதும், அதுவரை ஒழுங்காக ‘ஆ’ சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் சேர்ந்து, “மே...!” என்று கத்தின.

“இல்லல்ல. ஆட்டுக்கு ஆ.”

முன்வரிசையில் தணிகைமணி என்றொரு பையன், எதையும் கேட்டுத் தெளிந்துகொள்கிறவன், எழுந்தான். “ஆடு ‘மே’ன்னுதானே மிஸ் கத்தும்?”

“கத்தறது வேற, பேரு வேற.”

“மாட்டுக்கு மட்டும் ஒண்ணுன்னு சொன்னீங்களே மிஸ்?”

நிர்மலா அட்டையைக் கீழே வைப்பதற்குள் அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான்.

“மிஸ், ஏரு எப்படிக் கத்தும்?”

“மேக்க! மேக்க!” என்று உதயா நடுவில் கொண்டாட்டமாகக் குதித்தாள். அவள் கட்சிக்கு இப்போது வகுப்பே வந்துவிட்டதே! பண்ணை நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சரியாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கணவன் ஜெகநாதனிடம் போய் உட்கார்ந்தாள். அவன் பஸ் கண்டக்டர். திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடுவே ஓடியே தலை நரைத்தவன்.

“உங்களுக்குத் தெலுங்கு நல்லா வருமில்ல?”

“வராம? திருப்பதி ரூட்ல எனக்கு வேற பாஷையே தேவையில்ல.”

“எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. ‘கவனமா கேளு’ன்றதுக்கு இன்னா?”

ஜெகநாதன் யோசித்தான். கவனமாகக் கேட்கும்படி அவன் எந்தப் பயணியிடமும் இதுவரை சொன்னதில்லை.

“அது சரியா வரல. ‘முன்னாடி வா’ன்னு வேணும்னா கேளு. ‘முந்துக்கு ஜருகண்டி.’”

“சரி. ‘தப்பு’ன்னா?”

“தெலுங்குலயும் தப்பு தப்புதான்.”

“‘எழுந்திரு’?”

“யாரையும் எழுப்பற பழக்கம் இல்ல. ‘எறங்கு’ன்னா ‘திகண்டி.’ ‘எங்க எறங்கறீங்க’ன்னா ‘எக்கட திகுதாரு.’ ‘சில்லறை குடுங்க’ வேணுமா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிடைத்ததை மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் வகுப்புக்குப் போனாள். குழந்தையிடம் அதன் வீட்டு மொழியில் நாலு வார்த்தை பேசினால் அது நம் பக்கம் வந்துவிடும் என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மாட்டுப் படத்தை எடுத்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

“உதயா! முந்துக்கு ஜருகண்டி!”

உதயா அசையவில்லை. இந்த மிஸ்ஸுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜருகண்டி உதயா, ஜருகண்டி!”

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. மூன்றாவது பெஞ்சில், சுவரோரமாக. புவனா. அதுவரை அந்தப் பெண்ணின் குரலையே யாரும் சரியாகக் கேட்டதில்லை. இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பெஞ்சில் குப்புறச் சாய்ந்து சிரித்தாள். “பஸ்ஸு! பஸ்ஸு!” என்று நிர்மலாவைக் கைகாட்டிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஏன் என்று தெரியாமல் மற்ற பிள்ளைகளும் சிரிக்க, சரியாக அந்த நேரம் பார்த்துத் தாளாளர் கஜபதி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

நிர்மலாவுக்கு முகம் சூடாகிவிட்டது. சமத்து என்று நினைத்ததும் இப்படிக் கேலி பண்ணுகிறதே!

“புவனா! வாய மூடு. எழுந்து சுவரோரமா நில்லு.”

புவனா சிரித்தபடியே அவளைப் பார்த்தாள். நகரவில்லை. சொன்னது காதிலேயே விழாததுபோல உட்கார்ந்திருந்தாள். ஆயா சின்னம்மாள் வந்து கையைப் பிடித்து எழுப்பி நிறுத்திய பிறகுதான் அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. மணி அடிக்கும்வரை சுவரைப் பார்த்து நின்றாள். அத்தனை நேரமும் உதயா கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் பார்க்கும்படி நிர்மலா எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பைப் பிற்பாடு நிர்மலா பல தடவை நினைத்துக்கொண்டாள். வகுப்பில் ஒரு குழந்தை முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்திருக்கிறது, அதைச் சுவரோரம் நிறுத்தினோமே என்று. அன்று வீட்டுக்குப் போகும்போதே மனசு உறுத்தியது. ஒரு சிரிப்புக்கு இவ்வளவு வேண்டியதில்லை. ஆகவே அதற்குப் பரிகாரமாக இன்னொன்று செய்தாள். பண்ணை நாளில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று ‘மா’ சொல்கிற முக்கியமான இடத்தைப் புவனாவுக்குக் கொடுத்தாள்.

“சொல்லு புவனா. மா.”

“மா,” என்றாள் புவனா, மெல்லிய குரலில், தெளிவாக.

“இன்னொரு தரம்.”

“மா.”

“பாத்தியா உதயா? எவ்ளோ அழகா சொல்றா?”

உதயாவை என்ன செய்வது என்பது கடைசிவரை இழுத்தது. மேடையில் ஏற்றாமல் விட்டால் பெற்றவர்கள் வருத்தப்படுவார்கள். ஏற்றினால் வாயைத் திறப்பாள். அவளுக்கு வைக்கோல் போர் வேஷம் கொடுத்தாள் நிர்மலா. வாய் திறக்க வேண்டியதே இல்லை. ‘வை’ சொல்வதை அவளுக்குப் பதிலாகப் பக்கத்தில் நிற்கும் தணிகைமணி பார்த்துக்கொள்வான்.

பண்ணை நாள் சனிக்கிழமை காலையில் வந்தது. பள்ளி முற்றத்தில் பந்தல். பெற்றோர்கள் நாற்காலி பிடிக்க அடித்துக்கொண்டார்கள். பால்காரர் வீரபத்திரன் தன் கறவை மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குப் பூச்சுற்றி ஓட்டிவந்திருந்தார். மூலையில் ஒரு ஆடு. கூடைக்குள் கோழி. மாட்டுக்கு இரண்டடி தள்ளி, கழுத்திலிருந்து கால்வரை நிஜ வைக்கோல் கட்டிய உதயா. காகிதத்தில் செய்தால் போதும் என்று ஆயா சொன்னாள். நிஜமாக இருந்தால்தான் அழகு என்று நிர்மலா கேட்கவில்லை. மாடு காலையில் தீனி தின்னாமல் வந்திருக்கிறது என்பதும் யாருக்கும் தோன்றவில்லை, மாட்டைத் தவிர.

கோழி முதலில் வந்தது. கோழிக்காரப் பிள்ளை ‘கோ’ சொன்னது. கைதட்டல். ஆட்டுக்காரப் பிள்ளை ‘ஆ’ சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் ‘மே’யும் சேர்த்துச் சொன்னது. அதற்கும் கைதட்டினார்கள். அடுத்தது மாடு. புவனா பட்டுப்பாவாடை கட்டி மைக்கு முன்னால் வந்து நின்றாள். நிர்மலா பக்கவாட்டில் நின்று வாயசைவில் ‘மா’ என்று காட்டினாள். புவனா வாயைத் திறக்கப் போனாள்.

கஜபதிக்கு அப்போது ஒரு உற்சாகம் வந்துவிட்டது. இன்னொரு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“பாப்பா, இது என்னன்னு எல்லாருக்கும் சொல்லு பாக்கலாம்!”

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. புவனா அவரைப் பார்த்தாள். அவர் கை நீண்டிருந்த பக்கம் மாட்டைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களையும் பார்த்தாள். வாய் திறந்தது. ஓசை வெளியே வருவதற்குள்,

“ஆவு!”

வைக்கோல் போர் கத்தியது. மைக்கே தேவைப்படாத குரலில் கத்தியது.

“ஆவு! ஆவு! ஆவு!”

பந்தல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மாடும் சத்தம் வந்த திசையில் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் அங்கே ஒரு கட்டு வைக்கோல், அதுவும் தானாகவே கூப்பிடுகிறது. மாடு ஒரு எட்டு வைத்து உதயாவின் தோளிலிருந்து ஒரு வாய் உருவியது. உதயா சிரித்துக்கொண்டே ஓடினாள். மாடு பின்னாலேயே போனது. வீரபத்திரன் கயிற்றை இழுக்க, கயிறு பந்தல் காலில் சுற்ற, கோழிக்கூடை உருள, கோழி பறந்து கஜபதியின் தோளில் இறங்கி அங்கிருந்து ஒலிபெருக்கிமேல் தாவியது. “ஒரு தப்பு வரக் கூடாதுன்னு சொன்னேனே!” என்று அவர் சொன்னது மைக்கில் ஊருக்கே கேட்டது.

அத்தனை அமளியிலும் புவனா மட்டும் மைக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நிர்மலா ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அவளுடைய அம்மா கூட்டத்திலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நிர்மலாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மிச்சமிருந்த வைக்கோலோடு உதயாவைப் பிடித்து நிறுத்தினாள்.

“எல்லாம் உன்னாலதான்! ஒழுங்கா சொல்லிகினு இருந்த பொண்ண அழ வெச்சு அனுப்பிட்ட. உனக்குச் சரியா சொல்ல வரலன்னா அடுத்தவங்களயும் சொல்ல விடமாட்டியா?”

“இல்ல மிஸ், அவ...” என்று உதயா ஆரம்பித்தாள்.

“பேசாத!”

உதயா தலையில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை புவனா வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் ஆயா சின்னம்மாள் சொன்னாள், “ஸ்கூல்னாலே அழுவுதாம் மிஸ். அவங்க சொந்த ஊருக்கே கூட்டினு போயிட்டாங்களாம்.” எந்த ஊர் என்று நிர்மலா கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற வருத்தத்தில் விட்டுவிட்டாள்.

ஆனால் அதே வாரத்தில் ஒரு அதிசயமும் நடந்தது. மாட்டுப் படத்தைக் காட்டியபோது உதயா எழுந்து நின்று, “மாடு. மா,” என்றாள்.

நிர்மலாவால் நம்ப முடியவில்லை. ஆட்டைக் காட்டினாள்.

“ஆடு. ஆ.”

கோழி, ஏர், வைக்கோல், எருமை. ஒன்றிலும் தப்பு இல்லை. பண்ணையில் இல்லாதவற்றைக்கூடக் கேட்டுப் பார்த்தாள். வகுப்பில் வேறு யாருக்கும் அவ்வளவு சுத்தமாக வரவில்லை. கஜபதி வந்து கேட்டுவிட்டு, “அன்னிக்கு ஒரு அதட்டு போட்டீங்களே, அதான் வேலை செஞ்சிருக்கு,” என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பாராட்டு நிர்மலாவுக்கு இனிக்கவில்லை. உதயா சரியாகச் சொன்னாள், சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கத்துவது இல்லை, குதிப்பது இல்லை. கழுத்தைத் திருப்புவதும் நின்றுபோயிற்று. மூன்றாவது பெஞ்சுக்கே மறுபடி போகிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்றாள். கூட்டத்துக்கு நடுவில் குழந்தையை அப்படித் திட்டியிருக்க வேண்டாம் என்று நிர்மலாவுக்கு நாளுக்கு நாள் கனத்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, ஜெகநாதனிடம் மேலும் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, பள்ளிப்பட்டு ரோட்டில் உதயா வீட்டைத் தேடிப் போனாள்.

உதயாவின் அம்மா பூவம்மாள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். யாரோ வருவதைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நமஸ்காரமண்டி,” என்றாள் நிர்மலா.

பூவம்மாள் திகைத்துப்போனாள். பிறகு சுதாரித்துக்கொண்டு அவளும் கைகூப்பினாள். “நமஸ்காரம்... நமஸ்காரமண்டி.”

“மீ அம்மாயி சாலா மஞ்சி அம்மாயி,” என்று உதயா ரொம்ப நல்ல பெண் என்பதைச் சொல்லிவைத்தாள்.

பூவம்மாளுக்கு வியர்த்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, “கூச்சோண்டி,” என்றாள். உள்ளே ஓடி ஒரு சொம்பு கொண்டுவந்து, “நீள்ளு... நீள்ளு தாகண்டி,” என்று நீட்டினாள்.

நிர்மலா தண்ணீரைக் குடித்தாள். அதற்குள் அவள் கற்றுக்கொண்டு வந்தது தீர்ந்துவிட்டது. எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில் பழைய சரக்கு வாயில் வந்துவிட்டது.

“எக்கட திகுதாரு?”

எங்கே இறங்குகிறாய் என்று தன் வீட்டு வாசலிலேயே கேட்கப்பட்ட பூவம்மாள், நெடுநேரம் யோசித்து, தரையைக் காட்டி, “இக்கடே,” என்றாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து உதயா தலையை நீட்டினாள். “மிஸ், எங்கம்மா கிட்ட ஏன் பஸ் மாதிரி பேசறீங்க?”

“சும்மா இருடி,” என்று பூவம்மாள் பல்லைக் கடித்தாள். “மிஸ்ஸுக்குத் தமிழ் வராது.”

“எனக்கா?” என்றாள் நிர்மலா. “எனக்கு ஏம்மா தமிழ் வராது? நான் திருவாலங்காட்டுக்காரி!”

பூவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அய்ய... முன்னயே சொல்லக் கூடாதாங்க? தமிழ் சொல்லிக் குடுக்கற மிஸ்ஸுக்கே தமிழ் வரலயேன்னு எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. மார்க்கெட்டுல காதுல வுழுந்த நாலு வார்த்தய வெச்சி ஒப்பேத்திகினு இருந்தேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்கள். நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியதுபோல இருந்தது நிர்மலாவுக்கு. கடலை மிட்டாயை உதயாவிடம் கொடுத்தாள். குழந்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

“அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகமா திட்டிட்டேம்மா. மனசு கேக்கல, அதான் வந்தேன். இப்போ எல்லாம் சரியா சொல்றா. வகுப்புலயே இவதான் முதல்.”

“அவளுக்கு அதெல்லாம் எப்பவோ வருங்க மிஸ்,” என்றாள் பூவம்மாள். “மாட்டுக்கு மா, ஆட்டுக்கு ஆன்னு வந்த அன்னிக்கே இங்க பாடிகினு கெடந்தா.”

“அப்போ வீட்ல தெலுங்கு பேசறது யாரு? அவங்க நைனாவா?”

“எங்க வீட்ல யாருக்குங்க தெலுங்கு வருது?”

நிர்மலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “பின்னே ஆவு, மேக்கன்னு தினம் கத்திகினு இருந்தாளே, அது ஏன்?”

பூவம்மாள் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“அது புவனா சொல்றதுங்க மிஸ். ஆந்திரா பக்கம் நகரியிலருந்து வந்த பொண்ணு, அதுக்குத்தான் தமிழே வராது. அது ஒண்டியா தப்பா சொன்னா எல்லாரும் அதைப் பாத்துச் சிரிப்பாங்களேன்னு, இவ முந்திகினு தப்பா சொல்லினு இருந்தா. இப்பதான் அது வர்றதில்லயே... இனிமே யாருக்காகத் தப்பா சொல்லப் போறா?”